ஜார்ஜ் கோபல் கடைசி ஆளாக வந்த ராத்திரி: ஜானி கார்சன் ஷோ பற்றி ஒரு விவாதம்

கேள்வி | பிப்ரவரி 3, மாலை 6.20

யூடியூபில் ஒரு கிளிப் என்னைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. 1969, அமெரிக்க டிவியில் ஜானி கார்சன் நடத்திய 'டுநைட் ஷோ' என்ற ராத்திரிப் பேட்டி நிகழ்ச்சி. பாப் ஹோப், டீன் மார்ட்டின், கடைசியாக ஜார்ஜ் கோபல் என்று யாரோ ஒருவர். மூவரில் பேர் தெரியாத ஆள் அவர்தான், ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பது அவருக்குத்தான். இவ்வளவு கச்சிதமாகத் தானாக நடக்காது. எல்லாமே எழுதி ஒத்திகை பார்த்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பதில் | பிப்ரவரி 3, இரவு 11.10

ஒத்திகை கிடையாது. முழுக்கத் தற்செயலும் கிடையாது.

அந்த நிகழ்ச்சியில் விருந்தினர் ஒவ்வொருவரிடமும் ஊழியர் ஒருவர் முன்னாடியே பேசிவிடுவார். எந்தக் கதை எடுபடும், என்ன கேட்டால் அது வெளியே வரும் என்று குறிப்பெழுதி கார்சன் மேசைக்குப் போய்விடும். ஏற்பாடு அதோடு சரி. சாயங்காலம் பதிவு செய்து ராத்திரி ஒளிபரப்பினாலும், நேரலை மாதிரி ஒரே ஓட்டமாக எடுப்பார்கள். வெட்டி ஒட்டுகிற வழக்கம் இல்லாததால் மேடையில் நடந்ததுதான் வீட்டுக்கு வரும்.

கோபல் பேர் தெரியாத ஆள் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1954-ல் என்பிசி சேனலில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி ஓடியது. தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியவர். 1969-க்குள் அந்தக் காற்று அடங்கிவிட்டது, அவ்வளவுதான். அவருக்கு முன்னால் மேடைக்கு வந்தவர்களைப் பாருங்கள். பாப் ஹோப் அமெரிக்கச் சிரிப்பு உலகத்தின் பெரிய தலை. பாடகர், நடிகர் டீன் மார்ட்டினுக்கோ அப்போது அதே என்பிசியில் வாராவாரம் சொந்த நிகழ்ச்சி. இரண்டு பேருமாகக் கூட்டத்தைச் சிரிக்கவைத்து ஓய்ந்த பிறகு, நேரம் முடியப்போகிற சமயத்தில் கோபலைக் கூப்பிடுகிறார்கள். ராத்திரி பத்தரைக்கு மேல் மைக் கிடைக்கிற கடைசிப் பட்டிமன்றப் பேச்சாளரின் கதிதான்.

அவர் செய்தது என்னவென்றால், அந்தக் கதியையே நகைச்சுவையாக்கினார். "உலகமே ஒரு டக்ஸிடோ, நாம் மட்டும் ஒரு ஜோடி பிரவுன் ஷூ என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" டக்ஸிடோ என்றால் விருந்துக்குப் போடும் கறுப்பு சூட், அதோடு பிரவுன் ஷூ ஒட்டவே ஒட்டாது. கார்சன் மேசையிலேயே சாய்ந்துவிடுகிறார். அந்த வரியைக் கோபல் வீட்டிலேயே யோசித்து வைத்திருக்கலாம். பழைய காமெடியன், பையில் பத்து வரி எப்போதும் இருக்கும். ஆனால் அதை எடுத்துப் போடுவதற்கு இப்படி ஒரு ராத்திரி அமையும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 3, இரவு 11.25

இன்னொன்று. அடுத்த தடவை பார்க்கும்போது கோபல் முகத்தை விட்டுவிட்டு டீன் மார்ட்டின் கையைப் பாருங்கள். கோபல் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தபடி மார்ட்டின் தன் சிகரெட் சாம்பலைக் கோபலின் கோப்பையில் தட்டுகிறார். அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. கூட்டம் சிரிக்கிறது. கோபலுக்கோ, தான் சிரிப்பு வரும் என்று நினைக்காத இடத்தில் ஏன் சிரிப்பு வருகிறது என்று புரியவில்லை. அந்த முழிப்பை எந்த ஒத்திகையிலும் வரவழைக்க முடியாது. கார்சன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. காட்டிக்கொடுத்தால் சிரிப்பு போய்விடும் என்று தெரிந்தவர்.

பிப்ரவரி 4, காலை 7.45

தூக்கம் வராமல் யோசித்ததில் தோன்றியது. என் கட்சியை இப்படி வைக்கிறேன்: அந்த ராத்திரியை உருவாக்கியது சோபா.

சிரிக்க வேண்டாம். இடம் எப்படி என்றால், கார்சன் மேசைக்குப் பின்னால். மேசையை ஒட்டி ஒரு நாற்காலி. அதற்கப்பால் நீளமான சோபா, அதில் அறிவிப்பாளர் எட் மக்மேன். முதல் விருந்தினர் வந்து நாற்காலியில் உட்கார்வார். இரண்டாமவர் வந்ததும் முதலாமவர் எழுந்து சோபாவுக்கு நகர்வார், எட் இன்னும் ஓர் இடம் தள்ளுவார். மூன்றாமவர் வந்தால் எல்லோரும் மறுபடி ஒரு தள்ளு. யாரும் வீட்டுக்குப் போவதில்லை. நிகழ்ச்சி அப்போது ஒன்றரை மணி நேரம். கடைசியாக வருகிறவர் பேசும்போது, அதுவரை பேசியவர்கள் எல்லாம் வேலை முடிந்து, கையில் சிகரெட்டோ கோப்பையோ வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தன் வேலை முடிந்த நடிகனை விட ஆபத்தான ஆள் கிடையாது. மார்ட்டின் சாம்பல் தட்டியது அந்தத் தெம்பில்தான். பேச்சு முடிந்ததும் அவரைப் பின்வாசல் வழியாகக் காரில் ஏற்றி அனுப்பியிருந்தால் இந்தக் கிளிப்பே இல்லை.

பிப்ரவரி 4, மதியம் 1.30

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, இல்லை யூடியூப் ஞானமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

1969-ஐப் பார்த்தது கிளிப்பில்தான். ஆனால் 1990-ல் படிக்கப் போய் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு கல்லூரி ஊரில் இருந்தேன். கார்சனின் கடைசி இரண்டு வருஷம் எனக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்து நேரப்படி பத்தரைக்கே வந்துவிடும். அறையில் மூன்று பேர், யாரோ காலி செய்யும்போது விட்டுப்போன ஒரு டிவி, படத்தில் எல்லோருக்கும் லேசாகப் பச்சை முகம். தொடக்கத்தில் கார்சன் நின்றபடி அன்றைய செய்தியை வைத்து அடிக்கும் ஜோக்குகளில் பாதி எனக்குப் புரியாது. எந்த செனட்டர், எந்த ஊழல் என்று யாருக்குத் தெரியும்? அது முடிந்ததும் இல்லாத கோல்ஃப் பந்தை அடிப்பது போல் கையை வீசிக் காட்டுவார். அங்கிருந்துதான் எனக்கு நிகழ்ச்சி ஆரம்பம். ஒரு மனிதர் இன்னொருவர் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

என் ஆங்கிலக் காது திறந்தது வகுப்பறையில் அல்ல, அங்கேதான். ஆராய்ச்சி வழிகாட்டிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

பிப்ரவரி 4, இரவு 9.05

ஓர் இடைத் திருத்தம், என்னுடையது இல்லை. மேலே ஒருவர் கார்சன்தான் டுநைட் ஷோவை ஆரம்பித்தவர் என்று போட்டிருக்கிறார். இல்லை சார். 1954-ல் ஸ்டீவ் ஆலன். 1957-ல் ஜாக் பார். கார்சன் மேசைக்கு வந்தது 1962 அக்டோபர் 1, எழுந்தது 1992 மே 22.

ஜாக் பார் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்ன கழிப்பறை ஜோக் ஒன்றைச் சேனல் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டது. மறுநாள் 1960 பிப்ரவரி 11 அன்று நிகழ்ச்சி நடக்கும்போதே எழுந்து போய்விட்டார். மிச்ச நேரத்தை அறிவிப்பாளர் ஹ்யூ டவுன்ஸ் ஓட்டினார். மார்ச் 7 திரும்பி வந்து, "இடையில் என்னைத் தடுப்பதற்கு முன்னால் நான் சொல்லிக்கொண்டிருந்தது..." என்று விட்ட இடத்தில் தொடர்ந்தார். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வரக் கற்றுக்கொள்ள வேண்டிய முறை.

பிப்ரவரி 5, காலை 6.50

சோபாக் கட்சிக்கு எதிர்ப்பு வலுத்திருக்கிறது. "சோபா இருந்தால் போதுமா? இங்கிலாந்தில் கிரஹாம் நார்ட்டன் எல்லோரையும் ஒரே சிவப்பு சோபாவில் உட்காரவைக்கிறாரே, அதுவும் அதே மாதிரிதானே?" என்கிறார் ஒருவர்.

கொஞ்சம் அதே மாதிரி, கொஞ்சம் வேறே. நார்ட்டனிடம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம். கார்சனிடம் வரிசை உண்டு. நாற்காலியில் இருந்தவர் எழுந்து இடம் விட வேண்டும், அதாவது வெளிச்சம் கைமாறுகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதில் ஒரு சின்னக் கசப்பு இருக்கும், ஒரு சின்ன நிம்மதியும் இருக்கும். கோபலின் டக்ஸிடோ வரி அந்த வரிசை இல்லாமல் பிறக்காது.

மேடைக் காமெடியன்களுக்கு இந்த வரிசையே தலைவிதி. திரைக்கு முன்னால் நின்று சில நிமிஷம் ஜோக் சொல்வார்கள். முடிந்ததும் கார்சன் தூரத்திலிருந்து தலையாட்டினால் பிழைப்பு. கையசைத்து உட்காரக் கூப்பிட்டால் வாழ்க்கையே மாறிவிடும். 1973 டிசம்பரில் ஃப்ரெடி பிரின்ஸை முதல் தடவையிலேயே கூப்பிட்டார், அடுத்த வருஷம் அந்தப் பையன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகன். 1982-ல் ஸ்டீவன் ரைட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடியும் அழைத்தார். மேசைக்கும் திரைக்கும் நடுவே உள்ள அந்தச் சில அடி தூரத்தை நடந்து கடந்தவர்கள் பட்டியலை வைத்தே அமெரிக்க நகைச்சுவை வரலாறு எழுதலாம்.

பிப்ரவரி 5, காலை 6.58

எழுதலாம் என்றால் நான் எழுதப்போகிறேன் என்று அர்த்தமில்லை.

பிப்ரவரி 5, இரவு 10.30

சோபா எப்போதும் நன்மை செய்யும் என்று நான் சொல்லவில்லை. இதோ எதிர்ப் பக்கம்.

1971 டிசம்பர். ஏபிசி என்ற இன்னொரு சேனலில் டிக் கேவட் ஷோ. கேவட் முன்பு ஜாக் பாருக்கும் கார்சனுக்கும் ஜோக் எழுதியவர், அப்புறம் தனக்கென்று ஒரு மேடை. அன்று மூன்று எழுத்தாளர்கள்: கோர் விடால், நார்மன் மெய்லர், எழுபத்தொன்பது வயது ஜேனட் ஃப்ளானர். பாரிஸிலிருந்து பல பத்தாண்டுகள் 'நியூ யார்க்கர்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் அவர். மெய்லர் குடித்துவிட்டு வந்தார். மேடைக்கு வருமுன்பே உள்ளே விடாலைத் தலையால் முட்டிவிட்டார். வந்ததும் விடால் நீட்டிய கையைக் குலுக்கவில்லை. எல்லோரையும் ஒருமுறை ஏசினார். கேவட்டிடம், கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேளும் என்றார். கேவட் அந்தக் காகிதத்தை ஐந்தாக மடித்து எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று பதில் சொன்னார். இடம் என்ன என்று இங்கே எழுத முடியாது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆனால் எனக்குப் பிடித்தது ஃப்ளானர். கையுறை போட்ட மூதாட்டி. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருக்க, இந்த மேடையில் நீங்கள் மட்டும்தான் இருப்பது போல் நடந்துகொள்கிறீர்களே என்று கேட்டார். கூட்டத்தின் கைத்தட்டல் முழுக்க அவருக்கு. கோபலுடைய வேலையைத்தான் அவர் வேறு விதமாகச் செய்தார். பெரிய தலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர், தான் மாட்டிக்கொண்டதைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறார்.

அதே கேவட்டின் மேடையில் அதே 1971 ஜூனில் இதைவிடக் கொடுமை. இயற்கை உணவு, நீண்ட ஆயுள் என்று பிரசாரம் செய்த பதிப்பாளர் ஜே. ஐ. ரோடேல், எழுபத்திரண்டு வயது, தன் பேட்டி முடிந்து அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். பத்திரிகையாளர் பீட் ஹாமிலிடம் கேவட் பேசிக்கொண்டிருக்கும்போது ரோடேலின் உயிர் அங்கேயே பிரிந்தது. அந்தப் பதிவை ஒளிபரப்பவில்லை. பேச வந்த விஷயம் நூறு வயது வாழ்வது.

பிப்ரவரி 6, மாலை 5.15

பெண்கள் எங்கே என்று கேட்ட அக்காவுக்கு: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

அந்தச் சோபா ஆண்களின் இடமாகத்தான் நெடுங்காலம் இருந்தது. நடிகைகள் வருவார்கள், பாடகிகள் வருவார்கள். சிரிக்கவைக்க வரும் பெண்ணுக்கு மட்டும் வாசல் குறுகல். ஜோன் ரிவர்ஸை 1965-ல் நிகழ்ச்சியின் கடைசிச் சில நிமிஷங்களுக்குத்தான் கூப்பிட்டார்கள். மறுபடியும் கடைசி ஆள்! அந்த நிமிஷங்களிலேயே, நீ பெரிய ஆளாக வருவாய் என்று கார்சன் மேடையிலேயே சொன்னார். சொன்னபடியே ஆனது. 1983-ல் கார்சன் லீவு போடும் வாரங்களில் உட்காரும் நிரந்தர மாற்றாள் ரிவர்ஸ்தான். 1986-ல் ஃபாக்ஸ் சேனலில் தனக்கென்று போட்டி நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டார். கார்சன் அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. ரிவர்ஸ் அந்த நிகழ்ச்சிக்குள் மறுபடி கால்வைத்தது 2014-ல், ஜிம்மி ஃபாலன் அதை நடத்த வந்த பிறகு. நடுவில் கார்சன் ஓய்வுபெற்று, 2005-ல் இறந்தும் போய்விட்டார். அதே 2014 செப்டம்பரில் ரிவர்ஸும் போய்விட்டார்.

மேடையில் அவ்வளவு பெருந்தன்மையாக மற்றவருக்கு இடம் கொடுத்த மனிதர், மேடைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டதற்காக ஒரு பெண்ணைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. கார்சனைப் பிடிக்கும் என்று சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலன் டிஜெனரஸ் 1986-ல். முதல் வருகையிலேயே சோபாவுக்கு அழைக்கப்பட்ட முதல் மேடை நகைச்சுவைப் பெண். கார்சன் உட்கார்ந்து இருபத்து நான்கு வருஷம் கழித்து!

பிப்ரவரி 7, இரவு 11.40

இப்போது என் சோபாக் கட்சியை நானே ஆட்டிப்பார்க்கிறேன். யாரும் கேட்காமலே.

1980 செப்டம்பரில் நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். விளம்பரம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். மூன்று நான்கு பேர் தள்ளித் தள்ளி உட்காரும் சங்கதி அடங்கிவிட்டது. என் கணக்குப்படி அதற்குப் பிறகு நல்ல ராத்திரியே இருக்கக் கூடாது. ஆனால் நான் நேரில் டிவியில் பார்த்ததிலேயே பெரிய ராத்திரி 1992 மே 21 வியாழன். விருந்தினர் இரண்டே பேர். நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ், பாடகி பெட் மிட்லர்.

மறுநாள் கடைசி நாள், அன்றைக்கு விருந்தினர் கிடையாது என்று முன்பே தெரியும். ஆகவே சோபாவில் ஆள் உட்காரும் கடைசி ராத்திரி இது. அடுத்த வாரம் எனக்கு ஒரு பரீட்சை. புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன், ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

வில்லியம்ஸ் ஓர் ஆடும் நாற்காலியைப் பரிசாகக் கொண்டுவந்தார். ஓய்வுபெறும் தாத்தாவுக்கு! அப்புறம் அவருக்கே உரிய வேகம்: குரல் மாறுகிறது, ஆள் மாறுகிறது, ஒரு ஜோக் புரிந்து சிரிப்பதற்குள் மூன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. என் அறைத்தோழன் விளக்க முயன்று தோற்றுப்போனான்.

பிறகு மிட்லர். கார்சனுக்காக மாற்றி எழுதிய கேலிப் பாட்டு ஒன்றைப் பாடினார். நாற்காலிக்கு வந்து பேச்சு பழைய பாடல்கள் பக்கம் போனது. கார்சனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எடுத்தார், கார்சனும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் பாட்டுக்காரர்களை அறிமுகப்படுத்தியவர், தன் குரலில் கொஞ்சம் தயங்கித் தயங்கி. கடைசியில் மிட்லர் எழுந்துபோய், கடை மூடும் நேரத்தில் மதுக்கடைக்காரரிடம் பாடுவதாக அமைந்த ஒரு பழைய பாட்டைக் கார்சனைப் பார்த்தே பாடினார். அப்போது கேமரா மேடையின் மறுகோடியிலிருந்து ஒரு கோணம் பிடித்தது. அந்த நிகழ்ச்சியில் அதற்கு முன் அப்படி ஒரு கோணம் வந்ததில்லை. பாடுகிறவரும் தூரத்தில் மேசையில் உட்கார்ந்திருக்கும் கார்சனும் ஒரே சட்டத்துக்குள். கார்சன் கண் கலங்கியிருக்கிறது, துடைக்கவும் இல்லை. அந்த ராத்திரிக்காக மிட்லருக்கு எம்மி கிடைத்தது.

ஆக, இரண்டே விருந்தினர், ஒரு மணி நேரம். சோபா பெரிதாக வேலையே செய்யவில்லை. அப்புறம் என் கட்சி என்னாவது?

பிப்ரவரி 8, காலை 8.20

கட்சி இப்படி மாறுகிறது: சோபா ஒரு கருவி. கேட்கத் தெரிந்த ஆள் மேசைக்குப் பின்னால் இருந்தால் அது வேலை செய்யும்.

இதற்கு என் சாட்சி 1965 ஏப்ரல், எட் ஏம்ஸ். பாடகர், டிவி தொடரில் செவ்விந்தியராக நடித்தவர். கைக்கோடரி எறிவது எப்படி என்று காட்டுகிறேன் என்று வந்தார். பலகையில் ஓர் ஆள் உருவம் வரைந்திருக்கிறது. எறிந்தார். கோடரி பலகையில் குத்தி நின்றது, உருவத்தின் எந்த இடத்தில் என்றால், சரி, விட்டுவிடுவோம். கூட்டம் வெடித்தது. ஏம்ஸ் வெட்கப்பட்டு அதைப் பிடுங்கப் போகிறார். கார்சன் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். அதுதான் முக்கியமான வினாடி. ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பு ஒரு அலை வந்து ஓயும்வரை இருக்கிறார். ஓயும்போதுதான் ஒரு வரி. மறுபடி அலை. அவசரக்காரர் யாராவது இருந்திருந்தால் முதல் நொடியிலேயே ஜோக் அடித்துக் கெடுத்திருப்பார்.

கோபல் ராத்திரியில் சாம்பலைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததும் இதே கைதான்.

பிப்ரவரி 8, காலை 8.31

அதே கை சும்மா இருக்கும்போது பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பென்சில்களுக்கு இரண்டு முனையிலும் ரப்பர். கூர்முனை கையில் குத்திவிடக் கூடாது என்று அப்படிச் செய்துவைத்திருந்தார்கள். எழுதவே முடியாத பென்சில். அரசு அலுவலகம் எதிலாவது பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 8, இரவு 9.50

"கேட்பவர், மௌனம் காப்பவர் என்று புனிதராக்கிவிட்டீர்கள், மனிதர் கடியே கடிக்க மாட்டாரா?" கடிப்பார். அதுவும் மௌனத்தாலேயே.

1973 ஆகஸ்ட். யூரி கெல்லர், மனோசக்தியால் கரண்டி வளைப்பவர் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த சமயம். கார்சன் இளவயதில் மேஜிக் செய்து பிழைத்தவர், இந்த வித்தைகளின் பின்வாசல் தெரியும். மந்திரவாதி ஜேம்ஸ் ராண்டியிடம் யோசனை கேட்டார்கள். ராண்டி சொன்னது எளிது: பொருட்களை நீங்களே கொண்டுவாருங்கள், கெல்லரோ அவர் ஆட்களோ நிகழ்ச்சிக்கு முன் அதன் பக்கத்தில் போகக் கூடாது.

அவ்வளவுதான். மேசையில் கரண்டிகளும் சின்ன டப்பாக்களும். பக்கத்தில் நடிகர் ரிக்கார்டோ மான்டல்பான். இருபது நிமிஷத்துக்கு மேல் கெல்லர் உட்கார்ந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், இன்று எனக்குத் தெம்பாக இல்லை என்றார். கார்சன் ஒரு தடவைகூட ஏமாற்று என்று சொல்லவில்லை. மரியாதையாக, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். அந்த மரியாதைதான் கொலை.

வேடிக்கை என்னவென்றால், கெல்லரின் பேர் அதனால் சரிந்துவிடவில்லை. எப்போதும் வளைந்தால் வித்தை, சிலசமயம் வளையாவிட்டால் உண்மை போலிருக்கிறது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். மனித மனம் கரண்டியைவிடச் சுலபமாக வளையும் சாமான்.

பிப்ரவரி 9, மதியம் 12.10

விஞ்ஞானி யாராவது அந்தச் சோபாவில் உட்கார்ந்தார்களா என்று கேட்ட தம்பிக்கு. கார்ல் சேகன், பல தடவை. கார்சனுக்கு வானியல் பைத்தியம் உண்டு, வீட்டில் தொலைநோக்கி வைத்திருந்தவர். சேகன் மாதிரி கழுத்து மூடிய சட்டையும் பொய்முடியும் போட்டு "பில்லியன்ஸ் அண்ட் பில்லியன்ஸ்" என்று கிண்டல் செய்தது கார்சன்தான். நாளடைவில் அந்த வரியைச் சேகனே சொன்னதாக எல்லோரும் நம்பிவிட்டார்கள். சேகனின் 'காஸ்மாஸ்' தொடரின் 10-ஆம் பகுதியில் பொங்கல் கொண்டாட்டம் வரும், தமிழ்நாட்டில் எடுத்தது. சம்பந்தமில்லைதான், ஞாபகம் வந்தது, போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, இரவு 10.15

முழு நிகழ்ச்சியும் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குக் கெட்ட செய்தி. 1972 மே மாதம் நிகழ்ச்சி நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவின் பர்பாங்குக்குப் போயிற்று. அதற்கு முந்தைய பத்து வருஷ நாடாக்களில் பெரும்பாலானவற்றைச் சேனலே அழித்துவிட்டது. அப்போது வீடியோ நாடா விலை அதிகம், அழித்து மறுபடி பதிந்தால் மிச்சம் என்பதுதான் கணக்கு. 1962-ன் முதல் ராத்திரியில் க்ரௌச்சோ மார்க்ஸ் வந்து கார்சனை அறிமுகப்படுத்தினார். விருந்தினர் ஜோன் க்ராஃபோர்ட், டோனி பென்னட், மெல் ப்ரூக்ஸ், ரூடி வாலி. ஒரே ராத்திரியில்! அந்தக் காட்சி போய்விட்டது, கொஞ்சம் ஒலிப்பதிவு மட்டும் மிச்சம். கோபல் பகுதி பிழைத்தது, ஆண்டு விழாத் தொகுப்புகளில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பர்பாங்க் காலத்து நாடாக்களை கார்சன் தரப்பு கான்சாஸ் மாநிலத்தில் பூமிக்கடியில் ஓர் உப்புச் சுரங்கத்தில் பாதுகாத்தது. நாடா கெடாத வறண்ட இடம்.

நாம் நல்ல ராத்திரி என்று பேசிக்கொண்டிருப்பதெல்லாம் அழிப்பவன் கையில் சிக்காத ராத்திரிகளைத்தான். கோபலை மிஞ்சிய ஓர் ஆள் 1964-ல் வந்து போயிருக்கலாம், அந்த நாடாவின் மேல் ஒரு குத்துச்சண்டைப் போட்டியைப் பதிந்திருப்பார்கள்.

பிப்ரவரி 11, காலை 7.05

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒத்திகைக் கட்சியை விட்டுவிட்டாராம், ஆனால் "இப்போதைய நிகழ்ச்சிகளை மட்டம் தட்டுவதற்கு இதெல்லாம் சாக்கு" என்கிறார்.

மட்டம் தட்டவில்லை. இன்றைக்கு நடிகர் படம் வெளியாகும் வாரம் வருகிறார், வேலை முடிந்ததும் அடுத்த பேட்டிக்கு ஓட வேண்டும். நிகழ்ச்சிக்காரருக்கு மறுநாள் காலையில் கைபேசியில் ஓடும் நான்கு நிமிஷம் வேண்டும். அதற்கு விளையாட்டு வைக்கிறார்கள், பாட்டுப் போட்டி வைக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். நானும் பார்க்கிறேன். அதில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் சாம்பல் தட்ட இடமில்லை, அவ்வளவுதான் என் புகார். சிகரெட் போனதற்கு எனக்கு வருத்தம் இல்லை. எட் மக்மேன் கோப்பையில் இருந்தது என்ன என்ற ஆராய்ச்சிக்குள்ளும் நான் போகவில்லை.

ஒன்று செய்யுங்கள். கோபல் கிளிப்பை இன்னொரு தடவை போட்டு, இந்த முறை கார்சனை மட்டும் பாருங்கள். அதன் பிறகு ஏம்ஸ், அதன் பிறகு கெல்லர். மிட்லரைக் கடைசிக்கு வையுங்கள், மறுநாள் லீவாக இருக்கிற ராத்திரியாகப் பார்த்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை ஊரில் இல்லை, பதில் தாமதமாகும்.